மேல்கம்பியை மட்டும் மாற்றினாலே போதும்: கிளைடர்களும் ஆஸ்திரேலிய விவசாயிகளும்

முதலில் ஒரு கணக்கு. ஸ்குவிரல் கிளைடர் என்ற சின்ன ஆஸ்திரேலிய விலங்கு காற்றில் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஏறக்குறைய இரண்டு மீட்டர் முன்னே போய்விடும். அப்படியானால் 20 மீட்டர் உயர மரத்தின் உச்சியிலிருந்து பாய்ந்தால், அடுத்த மரத்தில் தரைக்குச் சற்று மேலேயாவது ஒட்டிக்கொள்ள, அந்த மரம் 30, 35 மீட்டருக்குள் இருந்தாக வேண்டும். அதைத் தாண்டினால் தரையில்தான் இறங்க வேண்டும், தரையில் நரியும் பூனையும் திரிகின்றன. இந்த விலங்கைக் காப்பது பற்றி எங்கே பேச ஆரம்பித்தாலும் கடைசியில் இந்தக் கணக்கில்தான் வந்து நிற்போம்.

ஸ்குவிரல் என்றால் அணில். ஆனால் இது அணில் இல்லை. ஆனைமலையில் இருக்கும் பறக்கும் அணிலுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. கங்காருவைப் போலக் குட்டியை வயிற்றுப் பையில் வைத்து வளர்க்கும் பைப்பாலூட்டி. எடை ஏறக்குறைய கால் கிலோதான். முன்னங்காலின் கடைசி விரலிலிருந்து பின்னங்கால் வரை ஒரு தோல் மடிப்பு ஓடுகிறது, நான்கு காலையும் விரித்தால் அது சதுரமான பாய்போல் விரிந்து காற்றைப் பிடித்துக்கொள்ளும். சிறகு இல்லாததால் நடுவழியில் உயரத்தைக் கூட்டிக்கொள்ள முடியாது, இறங்கிக்கொண்டேதான் போக முடியும்.

விக்டோரியா மாநிலத்தின் வடபகுதியிலும் அதை ஒட்டிய நியூ சவுத் வேல்ஸிலும் இதன் காடு எப்போதோ கோதுமை வயலாகவும் ஆட்டு மேய்ச்சலாகவும் மாறிவிட்டது. மிஞ்சியவை சாலையோரத்திலும் ஓடைக்கரையிலும் வரிசையாக நிற்கும் பழைய யூகலிப்டஸ் மரங்களும், வயலுக்கு நடுவே தனியாக நிற்கும் ஒன்றிரண்டு மரங்களும்தான். நம் ஊரில் தைலமரம் வெளியிலிருந்து வந்தது, அங்கே அதுதான் மண்ணின் மரம். அந்தத் தனிமரத்தை ஒரு விவசாயி விறகுக்கு வெட்டினால் 30 மீட்டர் இடைவெளி 60 மீட்டராகிவிடும், கிளைடரின் பாதை அத்தோடு அறுந்தது. அதனால்தான் தேசியப் பூங்காக்களை மட்டும் நம்பி இதைக் காப்பாற்ற முடியாது. பல இடங்களில் அது வாழ்வதே ஊர்க்காரர்களின் நிலத்தில்.

இதில் வேலியும் சேர்ந்துகொள்கிறது. இடைவெளி கூடக்கூட கிளைடர் எதிர்ப்பக்கம் வந்து சேரும் உயரம் குறையும், குறைந்து குறைந்து சரியாக வேலி மட்டத்துக்கு வந்துவிடும். இருட்டில் மெல்லிய முள்கம்பி அதற்குத் தெரிவதில்லை. முள் அந்தத் தோல்பாயில் கொக்கிபோல் மாட்டும், தப்பிக்கத் துடிக்கிற துடிப்பில் கம்பியையே சுற்றிச் சுற்றி வரும், தோல் இன்னும் முறுக்கிக்கொள்ளும். காலையில் அப்படி ஒன்றைப் பார்த்தால் இழுத்து எடுக்கவே கூடாது. ஒரு துண்டைப் போட்டு மூடி, இரண்டு பக்கமும் கம்பியை வெட்டி, கம்பித் துண்டோடு சேர்த்தே காட்டுயிர் பராமரிப்பவரிடம் கொண்டுபோக வேண்டும். மாட்டுவது பெரும்பாலும் மேல்கம்பியில்தான் என்பதால், அந்த ஒரு கம்பியை மட்டும் முள் இல்லாத சாதாரணக் கம்பியாக மாற்றினாலே பெரிய வித்தியாசம். மாடு ஆடு வெளியே போகாது, செலவும் அதிகமில்லை. என்னைக் கேட்டால் இதைவிட மலிவான உயிர்காப்பு வேலை வேறு இல்லை.

சரி, நெடுஞ்சாலையை என்ன செய்வது? மெல்போர்னையும் சிட்னியையும் இணைக்கும் ஹியூம் நெடுஞ்சாலை பல இடங்களில் ஒரே பாய்ச்சலில் கடக்க முடியாத அகலம். விக்டோரியாவில் சாலையின் குறுக்கே உயரத்தில் கயிற்றுப் பாலங்கள் கட்டினார்கள், நடுத்திட்டில் உயரமான மரக்கம்பங்கள் நட்டார்கள். கம்பத்தில் இறங்கி, உச்சிவரை ஏறி, மறுபடி பாய்ந்தால் அடுத்த கரை. கேமரா வைத்துக் கண்காணித்தபோது கிளைடர்கள் இவற்றைப் பயன்படுத்துவது தெரிந்தது, ஐந்தே ஆண்டுகளில் சாலையின் இருபக்கமும் மரபணுக் கலப்பு மீண்டதையும் ஆய்வாளர்கள் கண்டார்கள். நடுத்திட்டில் உயரமான மரங்களை வெட்டாமல் விட்ட இடங்களில் இவை எதுவும் தேவைப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வடக்கே குயின்ஸ்லாந்தில், இங்ஹாம், டல்லி ஊர்களைச் சுற்றியுள்ள கடலோரத் துண்டில் மட்டும் வாழ்கிறது மஹோகனி கிளைடர் என்ற இன்னொரு இனம். 1883இல் பெயர் வைத்தார்கள், அப்புறம் மறந்தே போனார்கள், 1989இல்தான் திரும்பக் கண்டுபிடித்தார்கள். 2011 பிப்ரவரியில் யாசி புயல் அங்கேயே கரையேறி மரங்களை மொட்டையடித்துவிட்டது. தேனையும் பூந்தாதையும் நம்பியிருக்கிற விலங்குக்குப் பூவே இல்லை. மரங்கள் தேறும்வரை அங்கங்கே உணவு நிலையங்கள் வைத்துச் சமாளிக்க வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும்விடக் கடினமானது கிளைடர் தங்குகிற மரப்பொந்து. ஆஸ்திரேலியாவில் மரங்கொத்தி கிடையாது, துளைத்துக் கொடுக்க ஆளில்லை. கிளை முறிந்து, அந்தக் காயத்தில் பூஞ்சையும் கரையானும் புகுந்து, உள்ளே மெல்ல மெல்ல உளுத்துப்போய்த்தான் பொந்து உருவாக வேண்டும், அதற்கு நூறு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரைக்கும் மரப்பெட்டிகள். விக்டோரியாவில் பெனல்லா ஊருக்குப் பக்கத்தில் லர்க் மலைப்பகுதியில், ரீஜன்ட் ஹனிஈட்டர் என்ற பறவைக்காக 1990களில் தொடங்கிய மரநடு வேலையில் விவசாயிகள் நிலம் கொடுத்தார்கள், பள்ளி மாணவர்களும் தன்னார்வலர்களும் வந்து வருடாவருடம் நட்டார்கள், கூடவே கிளைடர்களுக்குப் பெட்டிகளும் மாட்டினார்கள்.

பெட்டியை மாட்டிவிட்டு மறந்துவிட முடியாது. மெல்லிய பலகை என்பதால் பொந்தைவிட வேகமாகச் சூடாகும், ஆகவே வெயில் நேராகப் படாத பக்கம் பார்த்து மாட்ட வேண்டும். வாசல் கிளைடர் நுழையும் அளவுக்கு மேல் பெரிதாக இருக்கக் கூடாது. தேனீ கூடு கட்டிவிடும், மைனா புகுந்துவிடும். அதனால் நீளக் கம்பின் நுனியில் சின்ன கேமராவைக் கட்டி உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். யூகலிப்டஸ் இலைகளைக் கிண்ணம்போல் வட்டமாக அடுக்கியிருந்தால் கிளைடர் குடிவந்துவிட்டது என்று அர்த்தம்.

நட்ட வாட்டில் (ஆஸ்திரேலிய வேலமர வகை) செடி சில வருடங்களிலேயே கிளைடர் தின்கிற பிசினைத் தரும், யூகலிப்டஸ் பாய்கிற உயரத்துக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகும், பொந்துக்கு நூறு. பலகைப் பெட்டி 15 வருடம் தாங்குகிறது என்று வைத்தால்கூட, அந்த மரத்தில் சொந்தப் பொந்து விழுவதற்குள் யாராவது ஏழு முறை ஏணி வைத்து ஏறிப் புதுப் பெட்டி மாட்டியிருக்க வேண்டும்.