அலாரம் அடிக்கவில்லை என்பது சான்றிதழ் ஆகாது

சென்ற மாதம், முப்பது ஆண்டுப் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் சங்கத்தார் என்னை அழைத்திருந்தார்கள். வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு தூணில் நெடுக்காக விரிசல். அதன் குறுக்கே ஒரு கிராக் மீட்டர், அதாவது விரிசல் எவ்வளவு விரிகிறது என்று அளந்து, வரம்பு மீறினால் கைப்பேசிக்கு அலாரம் அனுப்பும் சென்சார், பொருத்தப்பட்டிருந்தது. செயலாளர் தம் கைப்பேசியை நீட்டி, "பாருங்க சார், ஒன்றரை வருஷமா ஒரு அலாரம்கூட வரலை" என்றார். குனிந்து பார்த்தேன். கருவியின் இரண்டு கால்களும் கான்கிரீட்டில் அல்லாமல் சிமென்ட் பூச்சின் மேல் ஒட்டப்பட்டிருந்தன. விரல் முட்டியால் தட்டியதும் பூச்சு உள்ளே காலி என்பதுபோல் ஒலித்தது. அதாவது, கான்கிரீட்டை விட்டுக் கழன்று நின்ற பூச்சின் அசைவைத்தான் அந்தக் கருவி இத்தனை நாள் அளந்துகொண்டிருந்தது. பெயிண்டர் கருவியையும் சேர்த்து டிஸ்டெம்பர் அடித்திருந்ததைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. இந்த ஆண்டில் இப்படி நான் பார்க்கும் மூன்றாவது கட்டடம் இது என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

சென்சார் கட்டடத்தைத் தாங்குவதில்லை. இதைச் சொல்லவேண்டியிருப்பதே எனக்கு வியப்பாக இருக்கிறது. ஆனால் "சென்சார் வைத்துவிட்டோம், இனிப் பழுதுவேலையைத் தள்ளிப்போடலாமே" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். ஒரு கிராக் மீட்டருக்குத் தெரிவது ஒரே ஓர் இடத்தில், ஒரே திசையில் நிகழும் அசைவு மட்டுமே. அடுத்த தூணுக்குள் கம்பி துருப்பிடித்துப் பருத்துக்கொண்டிருந்தால், அது இதன் கணக்கில் வராது. அலாரம் அடிக்காததற்கு, தூண் அசையாமலிருப்பது ஒரு காரணமாகலாம். பேட்டரி தீர்ந்ததும், சிம் கார்டுக்கு ரீசார்ஜ் செய்யாததும், எச்சரிக்கை வரம்பை யாரோ தாராளமாக வைத்துவிட்டுப் போனதும்கூடக் காரணங்களாகலாம். இவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே அந்த மௌனத்துக்குப் பொருள் உண்டு.

இன்னொரு சாரார் நேர்மாறாக, எண் சற்று ஏறினாலே பதறி நள்ளிரவில் அழைக்கிறார்கள். பத்து மீட்டர் நீளச் சுவர் பத்து டிகிரி வெப்ப மாற்றத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளும். ஆகவே மொட்டைமாடியை ஒட்டிய விரிசல், பகலிலும் இரவிலும் வெவ்வேறு அளவு காட்டுவது இயல்பே. வெப்பநிலையையும் உடன் பதிவு செய்யாத விரிசல் அளவை நான் கையில் வாங்குவதே இல்லை.

ஒழுங்காகச் செய்தால் என்ன பயன் என்பதற்குப் பாம்பனே போதும். 1914இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதியில் சென்னை ஐஐடியினர் சென்சார்கள் பொருத்தியிருந்தார்கள். 2022 டிசம்பரில் அவை எச்சரித்ததும் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்படும்வரை ராமேஸ்வரம் செல்வோர் கடலுக்கு இப்பாலேயே இறங்கிப் பேருந்து பிடிக்கவேண்டியிருந்தது. அந்த எரிச்சலைப் பொறுத்துக்கொள்ளும் முடிவை எடுக்க ஆள் இருந்ததுதான் அங்கே முக்கியம். அமெரிக்காவின் மினியாபொலிஸில் 2007 ஆகஸ்ட் 1 அன்று இடிந்து 13 பேரைப் பலிகொண்ட ஐ-35டபிள்யூ பாலத்தில், இணைப்புத் தகடுகள் வளைந்திருப்பது 2003இல் எடுத்த புகைப்படங்களிலேயே தெரிகிறது; ஆனால் அதைக் கண்டு முடிவெடுக்க அங்கே ஆள் இல்லை. வடிவமைப்பிலேயே அந்தத் தகடுகள் போதிய தடிமனில் இல்லை. அதே இடத்தில் 2008இல் எழுந்த புதிய பாலத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட சென்சார்கள் இருக்கின்றன.

ஆகவே, எந்தத் தூணில், எதை அளப்பது என்பதை விற்பனையாளரிடம் விடாதீர்கள். கட்டமைப்புப் பொறியாளர் வரைபடத்தைப் பார்த்துக் குறித்துத் தரட்டும். பூச்சைக் கொத்தி நீக்கிவிட்டுக் கான்கிரீட்டில் பொருத்தச் சொல்லுங்கள். முதல் ஓராண்டுப் பதிவை அழிக்காதீர்கள்; கோடையும் மழையும் கடந்த அந்தப் பதிவோடு ஒப்பிட்டுத்தான் பிற்பாடு எதையும் சொல்லமுடியும். கான்கிரீட் சில்லு பெயர்ந்து விழுந்தால், தயவுசெய்து, நாங்கள் வந்து பார்ப்பதற்கு முன் கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசி மறைத்துவிடாதீர்கள். அலாரம் யாருக்குப் போகிறது என்பதையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். நான் சொன்ன குடியிருப்பில் பதிவாகியிருந்த எண், வீட்டை விற்றுவிட்டுப் போன முன்னாள் செயலாளருடையது.

அந்தத் தூணின் பூச்சைக் கொத்தியபோது மூலைக்கம்பிகளில் இரண்டு, துரு தின்று பாதித் தடிமனுக்கு மெலிந்திருந்தன. முட்டுக் கொடுத்து நிறுத்தி, பக்கத்தில் வண்டி நிறுத்தவேண்டாம் என்று எழுதி ஒட்டிவிட்டு வந்தோம். நேற்றுப் போனபோது அங்கே இரண்டு கார்கள் நின்றுகொண்டிருந்தன.