சினேரியோவைக் கணிப்பு என்று எழுதாதீர்கள்

கடலூரில் ஒரு கூட்டத்தில் துண்டறிக்கை கொடுத்தார்கள். தலைப்பு, ‘2100-இல் கடல்மட்டம்: ஐந்து கணிப்புகள்’. தேவனாம்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் வாங்கிப் படித்துவிட்டுக் கேட்டார்: “அஞ்சும் அஞ்சு விதமா சொல்லுதே தம்பி, இதுல எது பலிக்கும்?” கணிப்பு என்று அச்சடித்துக் கொடுத்தால் யாரும் அப்படித்தான் கேட்பார்கள்.

அங்கே ‘கணிப்பு’ என்று தமிழாக்கிய சொல் சினேரியோ (scenario): இப்படிச் செய்தால் இப்படி ஆகலாம் என்று வரைந்து காட்டுவது. அது இத்தாலியச் சொல். நாடக மேடையோடு பிறந்தது, கதைச்சுருக்கத்தைக் குறித்தது. அமெரிக்க ஆய்வாளர் ஹெர்மன் கான் போன்றவர்கள் அதை எதிர்கால ஆய்வுக்குக் கொண்டுவந்தார்கள். வரலாறு இவ்வளவு போதும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அது எங்கே கடக்கும் என்று முன்கூட்டிச் சொல்வது கணிப்பு. பலிக்கும், அல்லது தப்பும். சினேரியோ அப்படியல்ல. காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கையைப் பாருங்கள். கரியுமிழ்வை மிக வேகமாகக் குறைத்தால், 1995–2014 சராசரியைவிடக் கடல் 2100-க்குள் 28 முதல் 55 செ.மீ. உயரலாம். உமிழ்வு ஏறிக்கொண்டே போனால் 63 முதல் 101 செ.மீ. எது நடக்கும் என்று அறிக்கை சொல்லவில்லை. எதைச் செய்தால் எது வரும் என்கிறது. இதைக் கணிப்பு என்று எழுதும்போது நம் கையில் இருக்கும் முடிவு தலையெழுத்தாகிவிடுகிறது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

இந்தக் குழப்பம் புதிதல்ல. 1972-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகக் குழு மக்கள்தொகை, உணவு, மாசு, வளங்களைக் கணினியில் ஓட்டிப் பார்த்துப் பன்னிரண்டு சினேரியோக்கள் தந்தது. அதையும் ஆரூடமாகவே வாசித்து, பொய்த்துவிட்டது என்று இன்றும் பேசுகிறவர்கள் உண்டு.

சரி, சினேரியோவுக்குத் தமிழில் என்ன சொல்வது? ‘காட்சி’ என்கிறார்கள் சிலர். சினிமாதான் நினைவுக்கு வரும். ‘சூழ்நிலை’ இன்றைய நிலவரத்தைச் சொல்லும் சொல். புதுச்சேரி நண்பர் ஒருவர் ‘வருநிலை’ என்றார். அழகான வினைத்தொகை, ஆனால் வந்தே தீரும் என்ற தொனி அதிலும் இருக்கிறது. நான் ‘எனில்நிலை’ என்று எழுதுகிறேன். ‘இப்படி எனில் இந்த நிலை’. நிபந்தனை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைப் பார்க்கிறார்கள், வாக்கியத்தைப் பார்ப்பதில்லை. அந்தத் துண்டறிக்கையிலேயே, சஸ்டெய்னபிள் டெவலப்மென்ட் (sustainable development) என்பதற்கு ‘நிலையான வளர்ச்சி’ என்றும் இருந்தது. பிள்ளைகளுக்கும் மிச்சம் வைக்கும் வளர்ச்சி என்ற பொருள் அதில் எங்கே? ‘நீடித்த வளர்ச்சி’ என்றாவது எழுதியிருக்கலாம்.

சரி, ஊர்க்கூட்டத்துக்கு எனில்நிலைகூட வேண்டாம். ‘புகையைக் குறைத்தால் கடல் இவ்வளவு ஏறும், குறைக்காவிட்டால் இவ்வளவு’ என்று போட்டிருந்தால் அந்தப் பெரியவர் வேறு கேள்வி கேட்டிருப்பார்.