ரெமிட்டிட்டர்: குறைப்பா, துறப்பா?

அமெரிக்க விபத்து வழக்குகள் பற்றிய செய்திகள் தமிழுக்கு வரும்போது, ‘ஜூரி கொடுத்த இழப்பீட்டை நீதிபதி குறைத்தார்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். புகழ்பெற்ற மெக்டொனால்ட்ஸ் காபி வழக்கையும் அப்படித்தான் எழுதினோம். கொதிக்கும் காபி கொட்டித் தொடை வெந்துபோன மூதாட்டிக்கு, 1994-இல் நியூ மெக்சிகோ ஜூரி (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் குடிமக்கள் குழு) 27 லட்சம் டாலரைத் தண்டனை இழப்பீடாக, அதாவது நிறுவனத்தைத் தண்டிக்கும் தொகையாக, கொடுத்தது. அதை நீதிபதி 4,80,000 டாலருக்கு இறக்கினார். மேல்முறையீட்டில் முடிவு வருவதற்குள் இரு தரப்பும் சமரசமாகிவிட்டன. ஜூரியின் தொகை இப்படி இறங்குவதற்கு அங்கே ரெமிட்டிட்டர் என்று பெயர். நாம் எழுதும் ‘குறைத்தார்’ என்ற வினை அதற்குப் பொருந்தாது என்பது என் வாதம்.

லத்தீனில் ‘ரெ’ என்றால் திரும்ப, ‘மிட்டெரே’ என்றால் அனுப்புதல். இரண்டும் சேர்ந்த ‘ரெமிட்டெரே’ திருப்பி அனுப்புவதையும் குறித்தது, பிடித்ததைத் தளர்த்திக் கைவிடுவதையும் குறித்தது. வளைகுடாவிலிருந்து வீட்டுக்கு வரும் ரெமிட்டன்ஸ் முதல் பொருளின் வழி வந்தது. ரெமிட்டிட்டர் இரண்டாவதன் வழி. 1733 வரை இங்கிலாந்தின் நீதிமன்ற ஏடுகள் லத்தீனில்தான் எழுதப்பட்டன. தீர்ப்பான தொகையில் ஒரு பகுதி வேண்டாம் என்று வாதி சொல்லிவிட்டால், எழுத்தர் ‘ரெமிட்டிட் டாம்னா’ என்று குறிப்பெழுதுவார். ‘இழப்பீட்டை விட்டுவிடுகிறான்’ என்று பொருள். விடுகிறவன் வாதி, அந்த வாக்கியத்தில் நீதிபதிக்கு இடமே இல்லை.

அமெரிக்காவில் நீதிபதியை உள்ளே கொண்டுவந்தது 1822-ஆம் ஆண்டின் பிளண்ட் எதிர் லிட்டில் வழக்கு. கெட்ட நோக்கத்தோடு கைது செய்யவைத்ததற்காக ஜூரி 2,000 டாலர் கொடுத்திருந்தது. தொகை அதிகம் என்று நினைத்த நீதிபதி ஜோசப் ஸ்டோரி, வாதி 500 டாலரை விட்டுக்கொடுத்தால் தீர்ப்பு நிற்கும், இல்லையென்றால் மறுவிசாரணை என்றார். ரெமிட்டிட்டர் இன்றும் இந்த அச்சில்தான் ஓடுகிறது.

இவ்வளவு சுற்றிவளைப்பதற்குக் காரணம் 1791-இல் வந்த ஏழாம் அரசியலமைப்புத் திருத்தம். ஜூரி தீர்மானித்த உண்மையை, பொதுச்சட்ட (இங்கிலாந்திலிருந்து வந்த, முந்தைய தீர்ப்புகளை ஒட்டி வளர்ந்த சட்டமரபு) நெறிகளின்படி அல்லாமல் வேறெந்த வகையிலும் கூட்டாட்சி நீதிமன்றம் மறுபடி ஆராயக் கூடாது என்கிறது அது. ஒரு காலுக்கோ கைக்கோ என்ன விலை என்பதும் ஜூரி தீர்மானிக்கும் உண்மைதான். ஆகவே நீதிபதியால் தொகையை நேரடியாக வெட்ட முடியாது. வாதியின் சம்மதம் தேவை.

மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கை இன்னும் கட்டப்பட்டது. லாங் ஐலண்ட் ரயில்வேக்கு எதிரான குருனென்தால் வழக்கில், தண்டவாளக் கட்டை விழுந்து தொழிலாளியின் வலது பாதம் நசுங்கியது. ஜூரி 3,05,000 டாலர் கொடுத்தது. தொகை அதிகம் என்ற வாதத்தை விசாரணை நீதிபதி ஏற்கவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றமோ, 1,05,000 டாலரை விடாவிட்டால் மறுவிசாரணை என்றது. 1968-இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளிவிட்டு விசாரணை நீதிபதியின் முடிவையே நிலைநிறுத்தியது. சாட்சியை நேரில் பார்த்தவருக்கே முதல் மரியாதை. தொகை மனச்சாட்சியை உலுக்கும் அளவுக்குப் போயிருந்தாலொழிய மேலே இருப்பவர்கள் தொடக் கூடாது என்பது கூட்டாட்சி நீதிமன்றங்களில் நெடுநாள் வழக்கம். மேல்முறையீட்டு நீதிமன்றம் தன் கணக்கில் தொகையைக் குறைத்தாலும், வாதிக்கு மறுவிசாரணை என்ற மாற்றுவழியைத் தந்தே ஆக வேண்டும் என்று 1998-இல் ஹெட்செல் வழக்கில் உறுதியானது.

சம்மதம் என்கிறோமே, அது எவ்வளவு மனமுவந்தது? கப்பலில் ஈரப் பெயின்ட் வழுக்கி முழங்கையில் காயம்பட்ட மாலுமி ஒருவருக்கு ஜூரி 90,000 டாலர் கொடுத்தது. நீதிபதி 25,000 டாலரை விடச் சொன்னார். ‘ஆட்சேபத்துடன் ஏற்கிறேன்’ என்று எழுதிக்கொடுத்துவிட்டு மாலுமி மேல்முறையீட்டுக்குப் போனார். 1977-இல் உச்ச நீதிமன்றம், விட்டது விட்டதுதான், பிறகு முறையிட இடமில்லை என்று சொல்லிவிட்டது. மறுவிசாரணைக்கு இன்னும் சில ஆண்டுகள், வழக்கறிஞர் செலவு, அடுத்த ஜூரி எப்படியோ என்ற அச்சம். இத்தனைக்கும் நடுவில் கையெழுத்திடுகிறவரின் சம்மதத்தைச் சட்டம் முழுச் சம்மதமாகவே எடுத்துக்கொள்கிறது. எனக்கு இது கொஞ்சம் கசக்கத்தான் செய்கிறது.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? ‘தள்ளுபடி’ உடனே நாவில் வரும். ஆனால் நீதிமன்றச் செய்தியில் ‘தள்ளுபடி’ என்றால் மனு தோற்றது என்றுதான் வாசகர் நினைப்பார். நிலவரியில் ‘வஜா’ என்று ஒரு சொல் உண்டு. அது சர்க்கார் தன் வரியை விடுவது, அதிகாரத்தில் இருப்பவர் காட்டும் சலுகை. இங்கே விடுகிறவர் காயம்பட்டவர். ‘குறைப்பு’ விடுகிறவரையே மறைத்துவிடுகிறது. நம் மோட்டார் விபத்து வழக்குகளுக்கு அது சரியான சொல்: 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 173-ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு வந்தால், தீர்ப்பாயம் தந்த தொகையை உயர் நீதிமன்றம் தானே ஏற்றலாம், இறக்கலாம். குறுக்கே நிற்க ஜூரி இல்லை.

‘உரிமை துறப்பு’ என்பது நம் சட்டத்தமிழில் ஏற்கெனவே புழங்குகிறது. அதை ஒட்டி ‘மிகை துறப்பு’ என்பதே என் தேர்வு. ‘20,000 டாலர் மிகை துறப்புக்கு வாதி இணங்காவிட்டால் மறுவிசாரணை என்று நீதிமன்றம் உத்தரவிட்டது’ என்று எழுதினால் இடறாமல் படிக்கலாம்.

தொகையை ஏற்றுவதற்கு அடிட்டர் என்று பெயர். ‘குறை நிரப்பல்’ எனலாம். ஒரு கார் விபத்து வழக்கில் ஜூரி தந்த 500 டாலரை 1,500 ஆக்க நீதிபதி முயன்றபோது, கூட்டாட்சி நீதிமன்றங்களில் அதற்கு இடமில்லை என்று 1935-இல் டிமிக் எதிர் ஷீட் வழக்கில் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் முடிவானது. பல மாநில நீதிமன்றங்களில் அது நடப்பில் உள்ளது.

கலிபோர்னியா செய்தியாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. மேல்முறையீடு முடிந்து வழக்கு கீழமை நீதிமன்றத்துக்குத் திரும்பும்போது அனுப்பப்படும் ஆவணத்துக்கும் அங்கே ரெமிட்டிட்டர் என்றே பெயர். தொகை எதுவும் ஒட்டாமல் ‘ரெமிட்டிட்டர் வெளியானது’ என்று மட்டும் இருந்தால், அதைத் ‘திருப்பியனுப்பு ஆவணம்’ என்றுதான் எழுத வேண்டும்.