நடுவில் பிடிக்கும் வாள்: கிளிங்கான்களின் பேட்லெத்

வாள் என்றால் ஒரு முனையில் பிடி, மறு முனையில் கூர். ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளி அறிவியல் புனைகதைத் தொடர்களில் கிளிங்கான் எனும் வேற்றுக்கிரகப் போர்வீரர்கள் ஏந்தும் பேட்லெத் அப்படி இருக்காது. பிறைபோல வளைந்த ஒரே தகடு, இரண்டு முனையிலும் இரண்டிரண்டு கூர்கள், முதுகுப் பக்கத்தில் கைப்பிடிகள். 1990-இல் ஸ்டார் ட்ரெக் வரிசையின் நெக்ஸ்ட் ஜெனரேஷன் தொடருக்காக இதை வடிவமைத்தவர் டான் கரி. காட்சி விளைவுகள் அவருடைய தொழில். ஆனால் தற்காப்புக் கலைகளும் கற்றவர். சீனர்களின் பிறை வடிவ ஆயுதங்களை மனதில் வைத்து இதை வரைந்தார். நிஜமாகச் சண்டை பயின்றவரின் கை இதில் பட்டிருப்பது, சுழற்றும்போது நன்றாகத் தெரியும்.

தொடரில் சொல்லப்படும் அளவுகள்: நீளம் 116 செ.மீ., எடை 5.3 கிலோ. இதை வளையாத, சீரான ஒரு கம்பியாக எண்ணிக் கணக்குப் போடுவோம். முனையில் பிடித்துச் சுழற்றினால் அதன் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்சிக்கு அது காட்டும் எதிர்ப்பு, சுமார் 2.4 கிலோகிராம் சதுர மீட்டர். நடுவில் பிடித்தால் 0.6 தான். சரியாக நான்கில் ஒரு பங்கு! அதே உழைப்பைக் கொடுத்தால் சுழலும் வேகம் இரண்டு மடங்காகும். ஆனால் நுனி இப்போது பாதி தூரத்தில்தான் இருக்கிறது. ஆக நுனியின் வேகம் மாறுவதே இல்லை. எனக்கு இந்த ஆயுதத்தில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்: வெட்டின் வேகம் குறையாமலே, சட்டென்று திசை திருப்பும் வசதி கிடைத்துவிடுகிறது.

கைகள் அகன்று இருப்பதும் உதவுகிறது. பஸ் ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோல ஒரு கை தள்ள, மறு கை இழுக்கும். இந்த இரட்டை விசையால் ஆயுதத்தைத் திருப்பும் வலு கூடும்.

இழப்பும் உண்டு. நடுவைச் சுற்றிச் சுழலும்போது ஒரு பாதி முன்னே போனால் மறு பாதி பின்னே போகிறது. இரண்டின் உந்தமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். அதனால் வெறும் மணிக்கட்டுச் சுழற்றலில் ஆழமான வெட்டு விழாது. காலை முன்வைத்து உடம்பின் எடையையும் சேர்த்துத் தள்ள வேண்டும். அப்புறம் எட்டும் தூரம். குறுக்காகப் பிடித்தால் 116 செ.மீ. நீளமும் பக்கவாட்டில் போய்விடுகிறது, எதிராளியை நோக்கி நீள்வது தகட்டின் அகலம் மட்டுமே.

எடைதான் எனக்கு ஒப்பவில்லை. இடைக்கால ஐரோப்பாவின் இருகை நீள்வாள்கள் பெரும்பாலும் ஒன்றரை கிலோவை ஒட்டியவை. 5.3 கிலோவைச் சுழற்றினால் மனிதத் தோள் சீக்கிரமே சோர்ந்துவிடும். கிளிங்கான்களுக்கு எட்டு அறை இதயம் என்று கதை சொல்கிறது, அவர்களுக்கு வேண்டுமானால் தாங்கும்.

நீண்ட வாளோடு ஒருவன் எதிரே வந்தால் பேட்லெத் வீரன் தூரத்தில் நிற்கக் கூடாது. முனையில் இருக்கும் இரண்டு கூர்களுக்கு நடுவே ஒரு பள்ளம் உண்டு. எதிராளியின் வாளை அதில் சிக்கவைத்து, இரு கையாலும் ஒரு திருகு திருகினால் போதும். ஒற்றைப் பிடியை வைத்துக்கொண்டு அந்த முறுக்கை எதிர்த்து நிற்பது மிகக் கடினம்.