ஸ்டிக்கரில் எட்டைத் தேடாதீர்கள்

போன வாரம் என்னிடம் உணவு ஆலோசனைக்கு வந்தவர் ஆறு மாதக் கர்ப்பிணி. ஹீமோகுளோபின் 8.4. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்று எழுதுவோம். என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதும் கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். பக்கம் பக்கமாகப் பழங்களிலிருந்து உரித்த ஸ்டிக்கர்கள், ஓரம் சுருண்டு, வரிசையாக ஒட்டியிருந்தன. அவர் கணக்குப்படி, ஸ்டிக்கர் எண் 9-இல் தொடங்கினால் இயற்கை விளைச்சல், 8-இல் தொடங்கினால் மரபணு மாற்றியது, வெறும் நான்கு இலக்கம் என்றால் சந்தேகக் கேஸ், தொடக்கூடாது. ஆரஞ்சு, கொய்யா, தக்காளி எல்லாம் இப்படியே போயின. ஸ்டிக்கரே இல்லாத கீரைகூட 'எதுக்கு வம்பு' என்று போய்விட்டது.

இப்படி வருகிறவர்களை எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். நோட்டுப் போட்டு வந்தவர் இவர்தான் முதல்.

அந்த எண்கள் கடையில் பில் போடுவதற்காக வந்தவை. 9 இயற்கை விளைச்சலுக்கு என்பது சரி. 8-ஐ மரபணு மாற்றிய காய்கனிகளுக்கென்று ஒருகாலத்தில் ஒதுக்கி வைத்ததும் உண்மை. ஆனால் கடைப் பழத்தில் அது புழக்கத்துக்கு வரவே இல்லை. அவர் நோட்டிலும் 8-இல் தொடங்குவது ஒன்றுகூட இல்லை. காட்டினேன். "அதான் மேடம், மறைக்கிறாங்க" என்றார்.

மரபணு மாற்றப் பயிர்களை எதிர்த்துப் பிரசாரம் செய்கிறவர்களோடு எனக்குப் பகை கிடையாது. கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் அனுமதி பெற்ற ஸ்டார்லிங்க் என்ற மரபணு மாற்றிய மக்காச்சோளம் 2000-இல் அமெரிக்காவில் மனிதர் தின்னும் பண்டத்தில் கலந்திருந்ததைப் பரிசோதித்து வெளியே சொன்னவர்கள் அவர்கள்தான். விதையை எடுத்துவைத்து மறுபடி விதைக்க விவசாயிக்கு உரிமை உண்டா, களைக்கொல்லி தாங்கும் பயிர் வந்தபின் களைகளும் தாங்கப் பழகிவிட்டனவே, லேபிளில் ஏன் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள், இதெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள். கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். தக்காளிக்குள் ஊசி குத்திய படத்தைப் போடும்போதுதான் என் பொறுமை போகிறது. சந்தைக்கு வந்த எந்தப் பயிரும் பழத்துக்கு ஊசி போட்டு உருவானதில்லை.

அதைவிடப் பெரிய தலைவலி ஒன்று இருக்கிறது. ஹைபிரிட் என்றால் மரபணு மாற்றம் என்று நினைப்பது. இல்லை. ஹைபிரிட் என்பது ஒரு செடியின் மகரந்தத்தை அதன் உறவுக்காரச் செடியின் பூவில் தடவி எடுத்த விதை. காற்றும் தேனீயும் செய்கிற வேலையை மனிதன் தேர்ந்தெடுத்துச் செய்கிறான், அவ்வளவுதான்.

"விதையே இல்லையே மேடம், அது எப்படி இயற்கை?" என்று உடனே தர்பூசணிக்குத் தாவுவார்கள். சாதாரணத் தர்பூசணிக்கு 22 குரோமோசோம். மருந்து வைத்து அதை 44 ஆக்கிய செடியோடு சாதாரணச் செடியைச் சேர்த்தால் பிறப்பதற்கு 33. ஒவ்வொன்றும் மும்மூன்றாக இருப்பதால் ஜோடி சரியாகச் சேராது, விதை முற்றாது. குதிரைக்கு 64, கழுதைக்கு 62, கோவேறு கழுதைக்கு 63, அதற்குக் குட்டி பிறக்கிறதா? அங்கேயும் ஜோடி சரியாகச் சேர்வதில்லை. வெளியிலிருந்து ஒரு மரபணுவும் உள்ளே போகவில்லை. சரி, வாழைப்பழத்தில் விதை எங்கே? அதை மட்டும் ஏன் யாரும் சந்தேகப்படுவதில்லை? பெரிதாக இருக்கிறது, பளபளக்கிறது, சீக்கிரம் அழுகவில்லை என்பதெல்லாமும் மரபணு மாற்றத்துக்கு அடையாளம் இல்லை. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

மரபணு மாற்றிய மக்காச்சோளம் தின்று கட்டி வந்ததாகச் சொல்லும் எலிகளின் படமும் வாரம் ஒருமுறை என் போனுக்கு வரும். 2012-இல் வந்த ஆய்வு அது. குழுவுக்குப் பத்தே எலிகள், அதுவும் வயதானால் தானாகவே கட்டி வரும் இனம். வெளியிட்ட இதழே 2013-இல் திரும்பப் பெற்றது. மறு வருடம் வேறோர் இதழில் வந்தது. எலிகளின் எண்ணிக்கை மட்டும் கூடவில்லை.

மரபணு மாற்றியது வேண்டவே வேண்டாம் என்பது உங்கள் முடிவானால், தேடுகிற இடத்தையாவது சரியாகத் தேடுங்கள். பழக்கூடையில் தேடாதீர்கள். ஹவாயில் 1998 முதல் விளையும் வைரஸ் தாங்கும் பப்பாளி, வெட்டினால் கறுக்காத ஆப்பிள் என்று பழங்களில் விரல்விட்டு எண்ணலாம். உலகில் மரபணு மாற்றிப் பெருவாரியாக விளைவது சோயா, மக்காச்சோளம், பருத்தி, கனோலா என்ற எண்ணெய் வித்து. ஆகவே பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: சோயா லெசித்தின், மக்காச்சோள மாவு, மக்காச்சோளச் சர்க்கரைப் பாகு, பருத்திக்கொட்டை எண்ணெய். பயப்படுகிறவர்கள் வீட்டில்தான் இந்தப் பாக்கெட்டுகளை அதிகம் பார்க்கிறேன். அவற்றைக் குறைத்தால் நல்லதுதான், உப்புக்கும் சர்க்கரைக்கும் சேர்த்து.

படம் வந்தால் அனுப்பியவரிடம் கேளுங்கள்: எந்தப் பயிர், எந்த நாட்டில் விற்கிறது, எந்த வருடத்து ஆய்வு. பதில் இல்லையா, அழித்துவிடுங்கள். சோயா ஒவ்வாமை இருந்தால் எந்தச் சோயாவும் வேண்டாம், மரபணு மாற்றாததும்கூட. கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் காய்கனியை நிறுத்துவதற்கு முன் தயவுசெய்து ஒரு வார்த்தை கேளுங்கள். திட்ட மாட்டேன்.

அவரிடமும் திட்டவில்லை. இரும்புச்சத்து மாத்திரையை டாக்டர் சொன்னபடி விடாமல் போடுங்கள், கூடவே ஆரஞ்சோ கொய்யாவோ சாப்பிடுங்கள், இரும்பு நன்றாக உடம்பில் சேரும் என்றேன். எழுந்தவர் நோட்டைக் குப்பைக்கூடைப் பக்கம் கொண்டுபோனார். "அதைப் போடாதீங்கம்மா. பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு? தினமும் என்ன சாப்பிட்டீங்கன்னு அதுல எழுதிட்டு வாங்க" என்றேன்.