இலை பார்க்க வடக்கே போகிறவர்களே, திரும்பும் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

செப்டெம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் என் தொலைபேசிக்கு ஓய்வு இருக்காது. "மாஸ்ரர், ஞாயிறு எல்லாரும் அல்கொங்குயின் போறம், தம்பிதான் வான் ஓட்டப்போறான், பிரச்சினை இல்லைதானே?" என்று கேட்பார்கள். ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள பெரிய காட்டுப் பூங்கா அது, இலையுதிர் காலத்தில் மரங்கள் நிறம் மாறுவதைப் பார்க்கப் போவார்கள். தம்பி யூலையில்தான் ஜி2, அதாவது தனியாக ஓட்ட விடும் இரண்டாம் படி அனுமதிப்பத்திரம், எடுத்திருப்பான். வானில் ஏழு பேர், அதில் அம்மம்மாவும் ஒருவர். எத்தனை மணிக்கு அங்கிருந்து திரும்பப் போகிறீர்கள் என்று நான் கேட்பேன். காலையில் எப்போது வெளிக்கிடுவது, யார் புட்டுக் கட்டுவது, ரோல்ஸ் எந்தக் கடையில் சொல்வது எல்லாம் முடிவாகியிருக்கும், இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் இருக்காது.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பல ஆண்டுகளாக வாகனம் ஓட்டப் பழக்கி வருகிறேன். போகாதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. நானே ஒவ்வோர் ஆண்டும் போகிறேன். பகல் குறைந்து குளிர் தொடங்கியதும் இலையிலுள்ள பச்சையம் சிதைய, அதுவரை அதன் அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. மேப்பிளின் சிவப்பு அப்படி மறைந்திருந்தது இல்லை, இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு மரம் அந்த நேரத்தில்தான் அதைப் புதிதாக உண்டாக்குகிறது. பகலில் நல்ல வெயில், இரவில் உறையாத குளிர், இப்படிச் சில நாட்கள் சேர்ந்து வந்தால் மலைச்சரிவு முழுக்க எரிவதுபோல நிற்கும். அதை ஒருமுறை பார்த்தவர்கள் மறுபடி போகத்தான் செய்வார்கள்.

ஆனால் நம் ஆட்கள் பலர் நாளைத் தவறாகத் தெரிவு செய்கிறார்கள். தாங்ஸ்கிவிங் என்ற நன்றி கூறும் நாள் ஒக்ரோபர் இரண்டாவது திங்கட்கிழமை வருகிறது, மூன்று நாள் விடுமுறை, அதனால் அப்போது போகலாம் என்று நினைக்கிறார்கள். அல்கொங்குயினில் மேப்பிள் நிறம் உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் செப்டெம்பர் கடைசி வாரத்திலும் ஒக்ரோபர் முதல் சில நாட்களிலும்தான், தாங்ஸ்கிவிங்குக்குள் பல ஆண்டுகளில் பாதிக்கு மேல் கொட்டிவிடும். ஒன்ராறியோ பூங்காக்களின் இணையதளத்தில் எந்தப் பூங்காவில் எவ்வளவு நிறம் மாறியிருக்கிறது என்று இந்தப் பருவத்தில் போட்டுக்கொண்டே இருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு நாளை வையுங்கள். வாகன அனுமதியையும் ஐந்து நாள் முன்பிருந்தே இணையத்தில் வாங்கலாம். வார இறுதியில் அது விற்று முடிந்துவிடும். அனுமதி இல்லாமல் மூன்று மணிநேரம் ஓடிப்போய் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்களை எனக்குத் தெரியும். களைப்போடும் கோபத்தோடும் உடனே திரும்பி ஓட்டுகிற அந்த ஆளை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

சரி, பாதைக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பழகிய ஒரு பிள்ளை, நல்ல நிதானமான ஓட்டம், முதல் தடவையிலேயே சோதனையில் தேறியவள், குடும்பத்தோடு 35ஆம் நெடுஞ்சாலையால் டோர்செற் பக்கம் போயிருக்கிறாள். தூறல் மழை. ஒரு வளைவில் தாய் "அங்கை பார், அந்தச் சிவப்பை" என்று கையைக் காட்ட, இவள் ஒரு கணம் திரும்பிப் பார்த்திருக்கிறாள். வலது பக்கச் சில்லுகள் தார் விளிம்பைத் தாண்டிச் சரளைக்கல்லில் இறங்கிவிட்டன. பயந்துபோய் ஸ்ரியரிங்கை இடப்பக்கம் வெட்டியதும் வாகனம் மஞ்சள் கோட்டைத் தாண்டி எதிர்ப்பாதைக்குப் போய், திரும்ப இந்தப் பக்கம் வந்து பள்ளத்தில் விழுந்து நின்றது. எதிரே அந்த நேரம் ஒருவரும் வரவில்லை. அம்மம்மாவுக்குத் தோளில் பெல்ற் இறுக்கிய காயத்தோடு போயிற்று. இரண்டு நாள் கழித்து என்னை அழைத்து, "இதை நீங்கள் எனக்குச் சொல்லித் தரவில்லையே" என்றாள்.

உண்மைதான். நாங்கள் பழகுவது எக்லின்ரன், மார்க்கம் றோட், மெக்கவன் மாதிரி வீதிகளில். விளக்கு உண்டு, கரைக்கல் உண்டு. ஹைவே என்றால் 401, அதற்கு நடுவில் சுவர் இருக்கிறது. ஒரு பக்கம் ஒரு வரிசை, எதிர்ப்பக்கம் ஒரு வரிசை, நடுவில் வெறும் மஞ்சள் கோடு, ஓரத்தில் சரளைக்கல், வேகம் 80, இப்படி ஒரு பாதையில் ஒரு நாள்கூட ஓட்டாமலே அனுமதிப்பத்திரம் எடுத்துவிடலாம். அன்றிலிருந்து என்னிடம் பழகும் எல்லோருக்கும் இதைச் சொல்கிறேன். சில்லு சரளைக்கல்லில் இறங்கிவிட்டால் எதையும் சட்டென்று செய்யாதீர்கள். காலை அக்சிலரேற்றரிலிருந்து எடுங்கள், ஸ்ரியரிங்கை நேராக இறுக்கிப் பிடியுங்கள், பிறேக்கைப் போட்டு மிதிக்காதீர்கள். வேகம் நன்றாகக் குறைந்த பிறகு, பின்னால் பார்த்து, மெதுவாக ஏற்றுங்கள். ஒரு கிலோமீற்றர் அப்படியே ஓரத்தில் ஊர்ந்து போனாலும் ஒன்றும் ஆகாது.

ஓட்டுபவர் இலை பார்க்கக் கூடாது. கடுமையாகத் தோன்றலாம், ஆனால் 80இல் போகும் வாகனம் ஒரு செக்கனில் 22 மீற்றர் ஓடிவிடுகிறது. பார்க்க வேண்டும் என்றால் நிறுத்திப் பாருங்கள், அதுவும் நிறுத்த என்று ஒதுக்கிய இடத்தில். 60ஆம் நெடுஞ்சாலை அல்கொங்குயினுக்குள் 56 கிலோமீற்றர் ஓடுகிறது, மேற்கு வாசலிலிருந்து ஒவ்வோர் இடத்துக்கும் கிலோமீற்றர் எண் இருக்கிறது. ஏறக்குறைய 40ஆவது கிலோமீற்றரில் லுக்கவுட் நடைபாதை, சுற்றி வர இரண்டு கிலோமீற்றர்தான், ஏற்றம் கொஞ்சம் கடுமை. 43இல் பார்வையாளர் நிலையம். அங்கே பின்பக்கம் பெரிய மேடை, அம்மம்மா படி ஏறாமலே காட்டைப் பார்க்கலாம். இவ்வளவு வசதி இருக்கும்போது வளைவிலே வானை ஓரம் கட்டி, பிள்ளைகளை இறக்கி, வெள்ளைக் கோட்டின் மேல் நின்று படம் எடுக்கிறார்கள். பின்னால் வருகிறவரும் இலையைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறார் என்பதை நினையுங்கள்.

போனைக் கையில் எடுத்துப் படம் பிடிக்கிற வேலையைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுங்கள். ஒன்ராறியோவில் ஜி1 (பழகுநர் அனுமதி), ஜி2 உள்ளவர்கள் ஓட்டும்போது போனோடு பிடிபட்டு முதல் தடவை குற்றவாளியானாலே அனுமதிப்பத்திரம் 30 நாளுக்குப் போய்விடும். சிவப்பு விளக்கில் நின்றாலும் இந்தச் சட்டம்தான்.

இனித் திரும்பும் நேரம். தாங்ஸ்கிவிங் சமயத்தில் சூரியன் ஆறரை மணி அளவில் மறைகிறது. மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கி நிற்பதால் பாதை அதற்கு முன்பே இருண்டுவிடும். ஓகஸ்ட்டில் கொற்றேஜுக்குப் போய் எட்டு மணிக்கு வெளிச்சத்தில் திரும்பிய நினைப்பிலே நம்மவர்கள் ஆறு மணிக்குத்தான் சாப்பாட்டுப் பெட்டியை மூடுகிறார்கள். அந்த நேரம்தான் மிருகங்கள் நடமாடும் நேரம். அதிலும் செப்டெம்பர், ஒக்ரோபர் மூஸ் என்னும் மிகப் பெரிய மானினத்துக்கு இணை தேடும் காலம், சாதாரண மானுக்கு அது கொஞ்சம் பிந்தித் தொடங்கும். மான் ஒன்று குறுக்கே போனால் பின்னால் இன்னொன்று வரும் என்றே நினையுங்கள். மூஸ் வேறு வகை. குதிரையை விட உயரமாக நிற்கும், ஆண் மூஸ் 500 கிலோவுக்கு மேலும் இருக்கலாம், கறுத்த உடம்பு. மானின் கண் வெளிச்சத்தில் மின்னும், மூஸின் கண் நம் ஹெட்லைற் படுகிற உயரத்துக்கு மேலே இருக்கும். நான் ஒருமுறை மாலை ஏழு மணிக்கு ஹன்ற்ஸ்வில்லுக்குக் கிழக்கே வந்துகொண்டிருந்தபோது, பாதை நடுவில் நான்கு மெல்லிய கம்பு நட்டதுபோல ஏதோ தெரிந்தது. அது கால் என்று விளங்க எனக்கு ஒரு செக்கன் எடுத்தது. 60இல் வந்ததால் நிறுத்த முடிந்தது. மோதியிருந்தால் கால்கள்தான் பம்பரில் பட்டிருக்கும், உடம்பு முழுவதும் கண்ணாடிக்கு மேல் வந்திருக்கும்.

மிருகத்தைக் கண்டால் உறுதியாக பிறேக் பிடியுங்கள், உங்கள் பாதையிலேயே நில்லுங்கள். வெட்டித் திருப்பி எதிரே வரும் லொறிக்குள்ளோ மரத்துக்குள்ளோ போகாதீர்கள். எதிரே வாகனம் இல்லாதபோது ஹைபீம் போடுங்கள். லைற் சுவிச்சையும் பார்த்துக்கொள்ளுங்கள், பகல் விளக்கு மட்டும் எரியும் பல கார்களில் பின்னால் விளக்கே இருக்காது, டாஷ்போர்ட் வெளிச்சமாக இருப்பதால் ஓட்டுபவருக்கு அது தெரியாது. அப்புறம், திரும்பி வரும்போது வானில் எல்லோரும் நித்திரையாகி ஓட்டுபவர் மட்டும் விழித்திருப்பார். முன் இருக்கையில் ஒருவர் தூங்காமல் இருக்க வேண்டும் என்று முதலே பேசிவையுங்கள். நான் சொல்லும் கணக்கு இதுதான்: சூரியன் மறையும் நேரத்தைப் பார்த்து, அதிலிருந்து மூன்று மணிநேரம் கழியுங்கள். அந்த நேரத்தில் வானின் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

ஜி2 எடுத்த முதல் ஆண்டில் அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவையும் இல்லை. நம் வாசலிலேயே றூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா இருக்கிறது. ஒக்ரோபர் நடுவில் மாஸ்ற் நடைபாதையில் நடந்து பாருங்கள், நுழைவுக் கட்டணமும் இல்லை. நயாகரா பார்க்வேயில் நிறம் இன்னும் பிந்தும். மில்டனில் றாற்றில்ஸ்னேக் பொயின்ற், ஹமில்ரனில் டன்டாஸ் பீக் இரண்டும் அழகு, இலைக்காலத்தில் முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். கலிடனில் ஃபோர்க்ஸ் ஒவ் த கிறெடிற் வீதி மட்டும் புதியவர்களுக்கு வேண்டாம், ஊசிமுனை வளைவும் சைக்கிள்காரரும் நடந்து போவோரும் ஒரே இடத்தில் சேரும் பாதை அது.

வீட்டுப் பக்கத்திலும் நனைந்த இலையை நம்பாதீர்கள், குவிந்து கிடக்கும் இடத்தில் பிறேக் பிடித்தால் பனிக்கட்டியில் போவதுபோல வழுக்கும். காய்ந்த குவியலின் மேல் காரை நிறுத்தவும் கூடாது, அடியிலுள்ள சூட்டில் தீப்பிடிக்கலாம்.

எனக்குப் பிடித்த நேரம் ஒக்ரோபர் நடுப்பகுதிக்குப் பிறகுதான். மேப்பிள் எல்லாம் கொட்டி, கூட்டமும் போய்விடும். அப்போதுதான் சதுப்பு ஓரங்களில் ரமரக் மரங்கள் பொன்னிறமாகும். ஊசியிலை மரம்தான், ஆனால் இலையை உதிர்க்கும். வகுப்பு இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, விடிந்து பாலங்களில் உறைந்த பனி உருகிய பிறகு வெளிக்கிடுவேன். மூன்று மணிக்கு மேற்கு வாசலைத் தாண்டித் திரும்பிவிடுவேன்.