பிரிவி கவுன்சில் என்னும் கோமறைக் கழகம்

பிரிவி கவுன்சில் என்றதும் பழைய தலைமுறைத் தமிழருக்கு நினைவில் எழுவது நீதிமன்றம்தான். எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தபோது, அவர்களுடைய மேல்முறையீடு போய்ச் சேர்ந்த இடம் அது. வழக்கை மறுபடி விசாரிக்கும்படி லண்டனிலிருந்து உத்தரவு வந்த பிறகே, 1947-இல் இருவரும் விடுதலையானார்கள். இப்படிச் சினிமா ரசிகர்கள் வாயிலும் புழங்கிய இந்தச் சொல்லுக்கு, அதன் சொந்த ஊரான பிரிட்டனில் பொருள் வேறு. மன்னருக்கு ஆலோசனை சொல்லும் சபைக்குத்தான் அங்கே அந்தப் பெயர். வழக்கு விசாரிப்பது அச்சபையின் கிளை ஒன்றின் வேலை.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'பிரிவாட்டுஸ்' என்றால் பொதுவிலிருந்து விலக்கி வைக்கப்பட்டது, தனிப்பட்டது. அது பழைய பிரெஞ்சில் 'பிரிவே' என்று சுருங்கி, நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆங்கிலத்துக்குள் 'பிரிவி' ஆகக் குடியேறியது. 'பிரைவேட்' அதன் உடன்பிறப்பு. அந்தரங்கமானது, இரகசியம் அறிந்தவர் என்ற பொருள்களெல்லாம் இதற்கு உண்டு. கழிப்பிடத்துக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். 'மறைவாக ஒதுங்குவது' என்று நாம் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் அதே கூச்சம். இந்திய வாசகருக்கு இந்த அடைமொழி வேறொரு வழியாகவும் பழக்கம். 1971-இல் இந்திரா காந்தி அரசு ஒழித்த 'பிரிவி பர்ஸ்', தமிழில் மன்னர் மானியம் ஆயிற்று. சொல்லுக்குச் சொல் பார்த்தால் அது மன்னரின் சொந்தப் பணப்பை. மொழிபெயர்த்தவர் அதை விட்டுவிட்டு, அரசு கொடுக்கும் பணம் என்ற உண்மை நிலையைப் பிடித்தார். நல்ல காரியம் செய்தார் என்றே சொல்வேன்.

சபையின் கதை, நார்மானிய மன்னர்களைச் சுற்றிப் பிரபுக்களும் ஆயர்களும் கூடிய அரசவையில் தொடங்குகிறது. அந்த அவையிலிருந்து பாராளுமன்றம் ஒரு பக்கம் வளர்ந்தது, நீதிமன்றங்கள் இன்னொரு பக்கம் பிரிந்தன. மன்னரை விட்டு அகலாத நெருங்கிய வட்டம் மட்டும் மிஞ்சியது. எட்டாம் ஹென்றி காலத்தில் அது இறுகி நிலையான சபையாயிற்று. 1540-இல் 19 உறுப்பினர்களும் தனி எழுத்தரும் பதிவேடும் அதற்கு இருந்தார்கள். முதலாம் சார்லஸின் தலை விழுந்த 1649-இல் சபையும் போயிற்று. 1660-இல் மன்னராட்சியோடு திரும்பி வந்தது. ஆனால் ஆள் பெருகப் பெருக அங்கே இரகசியம் தங்கவில்லை. மன்னர்கள் வேண்டிய சிலரை மட்டும் உள்ளறைக்கு அழைத்துப் பேசத் தொடங்கினார்கள். அந்த உள்ளறைக்கு 'கேபினட்' என்று பெயர். இன்றைய அமைச்சரவை அங்கே பிறந்தது. அமைச்சரவையில் இடம்பெறுகிறவர் கோமறைக் கழக உறுப்பினராக உறுதிமொழி எடுத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் மாறவில்லை.

இன்று உறுப்பினர் எண்ணிக்கை 700-க்கு மேல். இந்நாள், முன்னாள் அமைச்சர்கள், எதிர்க்கட்சித் தலைவர்கள், மூத்த நீதிபதிகள், கேன்டர்பரி, யார்க் பேராயர்கள் எனப் பட்டியல் நீள்கிறது. பிரதமரின் பரிந்துரைப்படி மன்னர் நியமிக்கிறார்; நியமனம் ஆயுளுக்கும். பதவி போனாலும் உறுப்புரிமை போகாது என்பதால்தான் இவ்வளவு கூட்டம். நீக்கம் மிக அரிது. நாடாளுமன்றச் செலவுக் கணக்கில் பொய் சொல்லிச் சிறை சென்ற முன்னாள் அமைச்சர் எலியட் மோர்லியின் பெயர் 2011-இல் அடிக்கப்பட்டது. போர்த்துறை அமைச்சராக இருந்த ஜான் புரொஃபுமோ போன்ற சிலர் தாமாகவே விலகினார்கள். புதியவர் சிறு மணை மீது மண்டியிட்டு உறுதிமொழி ஏற்று, மன்னரின் கையை முத்தமிட வேண்டும். எட்டாம் ஹென்றியின் டியூடர் வம்சக் காலத்து உறுதிமொழி அது. அதன் வாசகமே வெளியே வராமல் காக்கப்பட்டு, 1998-இல்தான் நாடாளுமன்றத்தில் வெளியிடப்பட்டது. படித்துப் பார்த்தால் அதில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை: சபையில் இரகசியமாகப் பேசப்படுவதைக் காப்பேன் என்பதே சாரம்.

கூட்டம் எப்படி நடக்கும்? பெரும்பாலும் பக்கிங்ஹாம் அரண்மனையில். 700 பேரும் வருவதில்லை. மூவர் இருந்தால் போதும். அழைக்கப்படுகிறவர்கள் பதவியிலிருக்கும் அமைச்சர்கள் சிலர். எவரும் உட்காருவதில்லை, மன்னர் உட்பட. சபைத் தலைவர் ஆணைகளின் தலைப்புகளை ஒவ்வொன்றாக வாசிக்க, மன்னர் ஒவ்வொன்றுக்கும் ஒரே சொல்லில் ஒப்புதல் சொல்கிறார். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். விவாதம் கிடையாது, அது ஏற்கெனவே அமைச்சரவையில் முடிந்திருக்கும். அரச ஆணைகளும் பிரகடனங்களும் பல்கலைக்கழகங்களுக்கான அரச பட்டயங்களும் இப்படித்தான் நிறைவேறுகின்றன.

இதைச் சடங்கு என்று தள்ளிவிடவும் முடியாது. 2019 ஆகஸ்ட் 28 அன்று மூன்று உறுப்பினர்கள் ஸ்காட்லாந்தின் பால்மோரல் மாளிகையில் அரசியார் முன் நின்று, நாடாளுமன்றத்தை ஒத்திவைக்கும் ஆணைக்கு ஒப்புதல் பெற்றார்கள். ஆலோசனை பிரதமர் போரிஸ் ஜான்சனுடையது. அந்த ஆலோசனையே சட்டத்துக்குப் புறம்பானது, எனவே ஆணை செல்லாது என்று செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2022 செப்டம்பர் 7 மாலை நடக்கவிருந்த கூட்டம், அரசியாரை ஓய்வெடுக்கும்படி மருத்துவர்கள் சொன்னதால் தள்ளிவைக்கப்பட்டது. மறுநாள் இரண்டாம் எலிசபெத் காலமானார். 10-ஆம் தேதி மூன்றாம் சார்லஸை மன்னராக அறிவித்த அரியணைக் கூட்டம், வரலாற்றில் முதன்முறையாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது.

உறுப்பினர்களுக்கு 'ரைட் ஆனரபிள்' என்ற அடைமொழி உண்டு. தமிழ்ப் பத்திரிகைகள் அதை 'மகாகனம்' என்று எழுதின. வலங்கைமானில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி 1921-இல் இதன் உறுப்பினரானார். 'மகாகனம்' அவர் பெயரில் ஒரு பகுதியாகவே ஒட்டிக்கொண்டது. அவர் அங்கே வழக்கு விசாரிக்கப் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

விசாரித்தது 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நீதிக் குழு. குடியேற்ற நாடுகளில் நீதி கிடைக்காதவர் மன்னரிடமே முறையிடலாம் என்பது பழைய உரிமை. முறையீட்டைக் கேட்டு மன்னருக்குச் சொல்வதற்கு நீதிபதிகள் வேண்டும். ஆகவே அதன் தீர்ப்புகளின் வடிவமும் விசித்திரமானது. 'மேல்முறையீட்டை ஏற்கலாம் என்று மாட்சிமை தங்கிய மன்னருக்குப் பணிவுடன் ஆலோசனை கூறுவோம்' என்ற பாங்கில்தான் அவை முடியும். மன்னருக்குப் போகும் ஆலோசனை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதால், மாறுபட்ட கருத்துடைய நீதிபதி அதைத் தனியே வெளியிட 1966 வரை வழியில்லை. நீதிமன்றமாக நடந்துகொண்ட போதும் அது ஆலோசனைச் சபையாகவே பேசியது.

அந்த ஆலோசனை நம் ஊர் வாழ்க்கையை மாற்றியிருக்கிறது. 1868-இல் ராமநாதபுரம் ஜமீன் வழக்கில், கணவரின் அனுமதி இல்லாமலேயே, பங்காளிகளின் சம்மதத்தோடு விதவை ராணி செய்த தத்து செல்லும் என்று நீதிக் குழு சொன்னது. இந்துச் சட்டத்தில் ஏட்டில் உள்ளதைவிட, தெளிவாக நிறுவப்பட்ட வழக்கமே வலியது என்ற கோட்பாட்டுக்கு இன்றும் அந்த வழக்கைத்தான் காட்டுகிறார்கள். இந்தியா 1949-இல் இந்த முறையீட்டை நிறுத்தியது. இலங்கையில் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய சட்டத்தை எதிர்த்த அரச ஊழியர் கோடீஸ்வரனின் வழக்கு 1969-இல் அங்கே போயிற்று. ஊதியத்துக்காக அரசு மீது வழக்குத் தொடுக்கலாம் என்று சொல்லிவிட்டு, மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை இலங்கை நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். 1971-இல் மேல்முறையீடே ஒழிக்கப்பட்டது. மொரீஷியஸிலிருந்து வழக்குகள் இன்றும் போகின்றன.

இனித் தமிழ்ச் சொல். இலங்கைத் தமிழர் இதைக் கோமறைக் கழகம் என்று எழுதுகிறார்கள். கோ அரசன், மறை இரகசியம். 'பிரிவி' சொல்ல வருவதை இவ்வளவு நெருக்கமாகப் பிடிக்கும் தமிழ்ச் சொல் எனக்குத் தெரிந்து வேறில்லை. மந்திரம் என்பதற்கும் மறை என்பதற்கும் உள்ள உறவை நினைத்தால் இன்னும் சுவை: அரசனோடு மறைவில் சூழ்வது மந்திரம், அதைச் செய்பவன் மந்திரி. தமிழ்நாட்டில் கழகம் என்றவுடன் கட்சியோ போக்குவரத்துப் பேருந்தோ நினைவுக்கு வரும் என்று சிலர் 'கோமறை மன்றம்' என்கிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. மன்றம் என்று போட்டால் நீதிமன்றம் என்ற பழைய குழப்பம் மறுபடி உள்ளே வந்துவிடும். சிலப்பதிகாரத்தின் ஐம்பெருங்குழுவையும் எண்பேராயத்தையும் இதற்கு எடுத்துப் பூட்டுவதும் சரியாகாது. அமைச்சர், புரோகிதர், சேனாபதியர், தூதர், சாரணர் என ஐந்து வகையினர் அடங்கியது ஐம்பெருங்குழு. அதன் அமைப்பு தனி.

'மன்னர் ஆலோசனைக் குழு' எளிய சொல்தான். பிரிட்டனுக்கு அதைப் பயன்படுத்தினால், நின்றபடி தலைப்பு வாசிக்கும் அந்தக் கூட்டத்தில் உண்மையிலேயே ஆலோசனை நடப்பதாகத் தோன்றிவிடும். தாய்லாந்துக்கு அது பொருந்தும். அங்கே தலைவரையும் அதிகபட்சம் 18 உறுப்பினர்களையும் மன்னரே தேர்ந்தெடுக்கிறார், அவர்கள் கட்சி அரசியலில் இருக்கக் கூடாது. பூமிபோல் மன்னர் 2016-இல் மறைந்து அடுத்தவர் அரியணை ஏறும்வரை, அக்குழுவின் தலைவர் பிரேம் தின்சுலானோந்தா இடைக்கால ஆட்சிக் காவலராக இருந்தார்.